காலண்டர் தாளின் பின்பக்கம்

எங்கள் வீட்டுச் சமையலறை டிராயரில், மளிகை ரசீதுகளுக்கும் பழைய பேட்டரிகளுக்கும் நடுவே ஒரு பழுப்பு உறை கிடக்கிறது. உள்ளே கோவில் காலண்டர் தாள்கள். நாலு வருஷத்துக்கு ஒருமுறை, அமெரிக்காவில் புது அதிபர் பதவியேற்கும் ஜனவரியில், பழைய காலண்டரின் டிசம்பர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அடுத்த தேர்தலில் கட்சி மாறப்போகும் மாநிலங்களைப் பென்சிலால் எழுதி உறையில் போடுவேன். "யாருக்கு ஜாதகம் எழுதுறீங்க?" என்று மனைவி கேட்பாள். ஐம்பது பேருக்கு.

முதல் தாள் 2009-ல் எழுதியது. போன வாரம் எதையோ தேடும்போது கையில் சிக்கியது. அதில் இருப்பதை அப்படியே தருகிறேன் (நீலம் என்றால் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சி): "வ. கரோலினா – இனிமேல் நீலம்தான். மிசோரி – 2012-ல் விழும். இண்டியானா – ஒபாமாவிடமே இருக்கும். டெக்சாஸ் – 2020." நான்குக்கு நான்கும் தவறு. பேப்பர் திருத்துகிறவர் கருணை காட்டினால்கூட கால் மார்க் தேறாது.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வரி. அமெரிக்க அதிபரை நாட்டின் மொத்த ஓட்டு தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலவாரியாகப் பிரித்துக்கொடுத்த 538 எலக்டோரல் ஓட்டுகளில் 270 எடுத்தவர் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும் ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் எல்லா எலக்டோரல் ஓட்டுகளும். அதனால்தான் 2000-ல் ஃபுளோரிடாவின் 537 ஓட்டு ஒரு அதிபரை உண்டாக்கியது. அதனால்தான் என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பென்சில் வியாதி.

2008-ல் எனக்கு ஓட்டு கிடையாது. ஹெச்-1பி விசாவில் வட கரோலினாவுக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வீடு மோரிஸ்வில்லில், பக்கத்து ஊர் கேரி. 'கேரி' என்ற பெயருக்கு இங்கே பழைய மாநிலத்துக்காரர்கள் ஒரு விரிவாக்கம் வைத்திருக்கிறார்கள்: குடிபெயர்ந்து வந்த வடக்கத்தியாரை அடைத்து வைக்கும் இடம் என்று அர்த்தம் வரும். பாதி கிண்டல், பாதி எரிச்சல். நியூயார்க்கிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் வந்தவர்கள்தான் அவர்கள் மனதில். எங்களையெல்லாம் எந்தக் கணக்கில் வைத்தார்களோ. அந்த நவம்பரில் ஒபாமா இந்த மாநிலத்தை 14,177 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1976-ல் ஜிம்மி கார்ட்டருக்குப் பிறகு ஜனநாயகக் கட்சிக்கு இங்கே கிடைத்த முதல் வெற்றி.

நான் அலுவலகம் போகும் வழியில் அப்போது எங்கே பார்த்தாலும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பைன் மரக்காடு ஒரு மாதத்தில் காணாமல் போகும், ஆறு மாதத்தில் அங்கே டவுன்ஹோம் வரிசை நிற்கும். வாசலில் கோலமோ, ஹூக்கில் மாவிலைத் தோரணமோ இருக்கும். இஞ்சினியர்கள், மருந்துக் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள், பேராசிரியர்கள். ஒவ்வொரு டவுன்ஹோமுக்கும் இரண்டு நீல ஓட்டு என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். கோடு மேல்நோக்கிப் போகிறது, ஸ்கேலை வைத்து நீட்டினால் 2016-ல் இந்த மாநிலம் அடுத்த வர்ஜீனியா.

வர்ஜீனியாவைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1968 முதல் 2004 வரை பத்துத் தேர்தலில் குடியரசுக் கட்சியை விட்டு நகராத மாநிலம் அது. 2008-ல் மாறியது, பிறகு திரும்பவே இல்லை. வாஷிங்டனை ஒட்டிய ஃபேர்ஃபேக்ஸ், லவுடன் கவுண்டிகளில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் போல) குடியேறியவர்கள் மாநிலத்தையே இழுத்துக்கொண்டு போனார்கள். நாமும் அதே பாதையில்தான் என்று எங்கள் மதியச் சாப்பாட்டு மேசையில் நான் அடித்துப் பேசுவேன். பென்சில்வேனியாவில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்த மதுரைக்கார அண்ணன் ஒருவர்தான் எதிர்க்கட்சி. பந்தயம் எப்போதும் பிரியாணி.

2012: குடியரசுக் கட்சியின் ராம்னி, 2 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில். 2016: டிரம்ப், 3.7. 2020: டிரம்ப், 1.3. 2024: டிரம்ப், 3.2. வரிசையாக நாலு பிரியாணி. "தம்பி, உங்க ஸ்டேட்டு 'இதோ பஸ் ஏறிட்டேன்'னு போன்ல சொல்லிக்கிட்டே வீட்டுல பல்லு விளக்கிட்டு இருக்கிற ஆளு" என்றார் அண்ணன், நாலாவது பிரியாணியில் லெக் பீஸைத் தேடியபடி.

நான் எதைத் தவறவிட்டேன் என்பது லம்பர்ட்டனில் இருந்தது. எங்களூரிலிருந்து மிர்ட்டில் பீச் போகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் ஓட்டியதும் 95-ஆம் நெடுஞ்சாலையில் பெட்ரோலுக்கும் பாத்ரூமுக்கும் நிறுத்தும் ஊர். ரோப்சன் கவுண்டியின் தலைநகர். அங்கே நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது பேர் லம்பி என்ற பூர்வகுடியினர், மீதியில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் லத்தீனோக்களும். ஒரு காலத்தில் துணி ஆலைகளும் புகையிலையும் சோறு போட்ட இடம். கான்வர்ஸ் காலணி ஆலை அங்கேதான் இருந்தது, 2001-ல் மூடிவிட்டார்கள். ஒபாமா இரண்டு முறையும் எளிதாக ஜெயித்த கவுண்டி இது. எந்தச் செய்திச் சேனலும் அதை ஊசலாடும் கவுண்டி என்று அப்போது சொல்லி நான் கேட்டதில்லை.

2016 ஆகஸ்டில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகும்போது அங்கே நிறுத்தினோம். கேஸ் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மூடிய கட்டடம், ஜன்னல்களில் பிளைவுட் அடித்திருந்தது. அதன் வேலி முழுக்க டிரம்ப் அட்டைகள். பக்கத்து வீட்டு முற்றத்திலும், அதற்கு அடுத்த வீட்டிலும். நாலைந்து வீட்டில் ஒன்று என்ற கணக்கில். கவுண்டரில் இருந்த அம்மா என் மகனுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டே, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். கேரி என்றதும், "ஓ, கேரி" என்றார். அந்த 'ஓ'வில் நிறைய இருந்தது. நான் அட்டைகளைப் பார்த்தேன், காரில் ஏறினேன், இரண்டு வாரம் கழித்து அதே பழைய கணக்கை மேசையில் பேசினேன். பார்த்ததை ஏன் கூட்டவில்லை என்று இன்றுவரை எனக்குப் பதில் கிடையாது.

அந்த நவம்பரில் ரோப்சன் சில புள்ளிகளில் டிரம்ப் பக்கம் போனது. 2020-ல் அவரே லம்பர்ட்டனுக்கு வந்து கூட்டம் போட்டார், லம்பி மக்கள் தலைமுறைகளாகக் கேட்டுவந்த முழு மத்திய அங்கீகாரத்துக்கு ஆதரவு என்றார் (பைடனும் அதையேதான் சொல்லியிருந்தார்). வித்தியாசம் 18 புள்ளிகளுக்கு மேல் போனது. எங்கள் பக்கம் டவுன்ஹோம் கட்டக் கட்ட, அந்தப் பக்கம் அதே வீட்டில் அதே ஆட்கள் வேறு பொத்தானை அழுத்தத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் வேக் கவுண்டி பைடனுக்கு 62 சதவீதம் கொடுத்த அதே இரவில் மாநிலம் டிரம்புக்குப் போனது இப்படித்தான். தராசில் நான் பார்த்தது ஒரு தட்டை மட்டும்.

மிசோரியிலும் கதை இதுவே, இன்னும் கொடூரமாக. 1904 முதல் 2004 வரை நூறு வருஷத்தில் 1956 தவிர எல்லாத் தேர்தலிலும் ஜெயித்த கட்சியோடு நின்ற மாநிலம். நாடு போகும் திசையை மிசோரியைப் பார்த்தே சொல்லலாம் என்பார்கள். 2008-ல் ஒபாமா அங்கே நாலாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றார். இன்னொரு தள்ளு தள்ளினால் விழும் என்று நான் எழுதிய தாள்தான் மேலே சொன்னது. இப்போது அங்கே ஜனநாயகக் கட்சி 18 புள்ளியில் தோற்கிறது, யாரும் விளம்பரத்துக்குக்கூடப் பணம் செலவழிப்பதில்லை. நூலிழையில் தோற்ற மாநிலம் அடுத்த முறை கைக்கு வரும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அது வந்துகொண்டிருந்ததா, போய்க்கொண்டிருந்ததா என்பதை அந்த நூலிழை சொல்லாது.

இந்த வியாதி உள்ளவர்களுக்கு நான் கொடுக்கும் மருந்து 1976 வரைபடம். கார்ட்டர் அதில் டெக்சாஸை ஜெயித்திருப்பார். அலபாமாவை, மிசிசிப்பியை, மேற்கு வர்ஜீனியாவை. எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் ஃபோர்டு கலிஃபோர்னியாவை, இல்லினாயை, நியூஜெர்சியை, வெர்மாண்டை. இன்றைய வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும். (சிவப்பு என்றால் குடியரசுக் கட்சி, நீலம் என்றால் ஜனநாயகக் கட்சி என்பதுகூட 2000-க்குப் பிறகு உறைந்ததுதான். அதற்கு முன் ஒவ்வொரு டிவியும் தனக்குப் பிடித்த நிறம்.) மேற்கு வர்ஜீனியா நிலக்கரித் தொழிற்சங்கங்களின் கோட்டை. 1988-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸ் நாடெங்கும் உதை வாங்கியபோதுகூட அவரைக் கைவிடாத பத்து மாநிலங்களில் ஒன்று. 2000-ல் அது புஷ்ஷுக்குப் போனது. அதன் ஐந்து எலக்டோரல் ஓட்டு இருந்திருந்தால் ஃபுளோரிடா என்னவானாலும் அல் கோர் அதிபர். இப்போது அங்கே டிரம்புக்கு 70 சதவீதம்.

எல்லாத் தாளும் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 2017 தாளில் "அரிசோனா, ஜார்ஜியா" என்று எழுதியிருக்கிறேன், இரண்டும் மாறின. அட்லாண்டாவின் புறநகர்களும் ஃபீனிக்ஸ் இருக்கும் மரிகோப்பா கவுண்டியும் செய்த வேலை. 1948-ல் ட்ரூமனுக்குப் பிறகு மரிகோப்பாவை ஜெயித்த முதல் ஜனநாயகக் கட்சிக்காரர் பைடன். அண்ணனிடம் அந்த ஒரே பிரியாணியை வாங்கிச் சாப்பிட்டபோது நான் பெரிய மேதை. ஆனால் ஜார்ஜியாவில் வித்தியாசம் 11,779 ஓட்டு, அரிசோனாவில் 10,457. அன்றைக்கு இரண்டு ஊரில் நல்ல மழை பெய்திருந்தால் அந்தத் தாளும் குப்பைதான். இதை அண்ணனிடம் சொல்லவில்லை.

2021 தாளில் தலைக்கனம் தெரிகிறது. "வ. கரோலினா (இந்த முறை நிஜமாகவே). டெக்சாஸ்." டெக்சாஸில் டிரம்ப் 2020-ல் 5.6 புள்ளிதான் முன்னே இருந்தார். 2016-ல் 9, 2012-ல் ராம்னி கிட்டத்தட்ட 16. ஸ்கேலை வைத்தால் கோடு சரியாக 2024-ல் தரையைத் தொடுகிறது. வந்தது 13.7. ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் ஸ்டார் கவுண்டி என்று ஒன்று இருக்கிறது, நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் லத்தீனோ மக்கள். 2016-ல் ஹிலாரி அங்கே 60 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். 2020-ல் பைடன் 5 புள்ளியில் தப்பித்தார். 2024-ல் டிரம்ப் ஜெயித்தார். குடியரசுக் கட்சிக்கு அங்கே அதற்கு முன் கிடைத்த வெற்றி 1892-ல். ஆஸ்டினுக்குக் குடியேறும் கணினிக்காரர்களை எண்ணிக்கொண்டிருந்த நான் அந்த ஆற்றங்கரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் இரண்டாவது லம்பர்ட்டன்.

ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு கானல் நீர் உண்டு போல. ஜனநாயகக் கட்சிக்கு டெக்சாஸ், கடைசியாக ஜெயித்தது 1976. குடியரசுக் கட்சிக்கு மினசோட்டா, 1972-க்குப் பிறகு வரவே இல்லை. 1984-ல் ரீகன் 49 மாநிலங்களை அள்ளியபோதும் அந்த மாநிலத்துக்காரரான ஜனநாயகக் கட்சியின் மாண்டேலுக்கு 3,761 ஓட்டில் அது தப்பியது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு தரப்பும் 'இந்தத் தடவை' என்று கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டுகிறது.

2024 முடிவுகளுக்குப் பிறகுதான் முதல்முறையாகக் கொஞ்சம் ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். மாநிலத்தின் வித்தியாசத்தை மட்டும் பார்க்காமல், நாட்டின் வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தேன். ஓடுகிற ரயிலுக்குள் நடக்கிறவன் எந்தப் பக்கம் நடக்கிறான் என்று பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால் தெரியாது. 2020-ல் நாடு முழுக்க பைடன் 4.5 புள்ளி முன்னே. வட கரோலினாவில் டிரம்ப் 1.3 முன்னே. அப்படியானால் நாங்கள் நாட்டைவிடக் கிட்டத்தட்ட ஆறு புள்ளி வலப்பக்கம், அதாவது குடியரசுக் கட்சிப் பக்கம். 2024-ல் நாடே டிரம்புக்கு 1.5 கொடுத்தது, நாங்கள் 3.2. இப்போது நாட்டைவிட இரண்டு புள்ளிகூட வலப்பக்கம் இல்லை. தோல்வி பெரிதாகியிருக்கிறது, ஆனால் மாநிலம் நாட்டின் நடுவை நோக்கி நாலு புள்ளி நகர்ந்திருக்கிறது. ஜார்ஜியாவும் அப்படியே: நாலிலிருந்து முக்காலுக்கு. விஸ்கான்சின் நாலு புள்ளி வலமாக இருந்தது, இப்போது அரைப் புள்ளி இடப்பக்கம். அரிசோனா இருந்த இடத்திலேயே நிற்கிறது, அதே நாலு. 2020-ல் அது நீலமானது அரிசோனா மாறியதால் என்று நினைத்தோம், பாதி காரணம் ரயில்.

இதைக் கண்டுபிடித்த இரவு தூக்கமே வரவில்லை. மறுநாள் மேசையில் விளக்கினேன். அண்ணன் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "நீங்க நகர்ந்தீங்களா, இல்ல நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் ஃபுளோரிடாவும் தடால்னு விழுந்ததுல சராசரி உங்க பக்கம் வந்துச்சா?"

நியாயமான கேள்வி, எனக்கு எரிச்சலூட்டிய கேள்வியும்கூட. நியூஜெர்சியில் பைடன் 16 புள்ளியில் ஜெயித்தார், கமலா ஹாரிஸ் ஆறில். நியூயார்க்கில் 23 என்பது 13-க்குக் கீழே வந்தது. அங்கெல்லாம் யாரும் வீடு வீடாகக் கதவைத் தட்டவில்லை. எங்கள் கதவை அக்டோபர் மாதம் மட்டும் ஏழு முறை தட்டினார்கள், தபால் பெட்டியில் துண்டறிக்கை வராத நாள் கிடையாது. பிரசாரம் நடந்த ஏழு மாநிலங்களில் ஹாரிஸின் சரிவு குறைவு. ஆக, என் நாலு புள்ளியில் எவ்வளவு மண்ணின் மாற்றம், எவ்வளவு கதவு தட்டியதன் பலன் என்று பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை. நியூஜெர்சி அடுத்த ஊசலாடும் மாநிலம் என்று பலர் எழுதினார்கள், நானும் 2025 தாளின் ஓரத்தில் எழுதினேன். அதே வருஷம் நவம்பரில் ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் மிக்கி ஷெரில் 13 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். ரப்பர் எடுத்து அழித்தேன்.

எங்கள் மாநிலத்தில் இன்னொரு விநோதமும் இருக்கிறது. டிரம்ப் ஜெயித்த மூன்று தேர்தலிலும், அதே நாளில், அதே சீட்டில், ஆளுநராக ஜனநாயகக் கட்சிக்காரரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். 2024-ல் ஜாஷ் ஸ்டைன் ஜெயித்தது ஏறக்குறைய 15 புள்ளி வித்தியாசத்தில். அதே தேர்தலில் மாநில உச்ச நீதிமன்றப் பதவி ஒன்று 734 ஓட்டில் முடிவாகி, ஆறு மாதம் வழக்கு நடந்து, ஜனநாயகக் கட்சியின் அலிசன் ரிக்ஸ் பதவியைத் தக்கவைத்துக்கொண்டார். ஒரே மக்கள், ஒரே கறுப்புப் பேனா, ஒரே தாளில் முட்டை வடிவத்தை நிரப்பி மூன்று விதமான பதில். கட்சி சாராதவர்களாகப் பதிந்தவர்கள்தான் இங்கே 2022 முதல் மிகப் பெரிய கூட்டம். என் பக்கத்து வீட்டுக்காரர் டிரம்புக்கும் ஸ்டைனுக்கும் ஓட்டுப் போட்டதாகச் சொன்னபோது ஏன் என்று கேட்டேன். "இது அது, அது இது" என்று தோளைக் குலுக்கினார். இவரை எந்த ஸ்கேலால் அளப்பது?

சரி, 2028. தாளில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றும் மாறும் என்று எழுதியிருக்கிறேன். 2024-ல் இந்த மூன்றிலும் சேர்த்து டிரம்பின் முன்னிலை 2.3 லட்சம் ஓட்டுதான். ஜார்ஜியாவும் மாறும். நெவாடாவை விட்டுவிட்டேன். லாஸ் வேகஸின் ஹோட்டல் தொழிலாளிகள் 2024-ல் எடுத்த திருப்பம் வாடகையும் மளிகையும் விலையேறிய கோபமா, நிரந்தரமா என்று எனக்குப் பிடிபடவில்லை. குடியரசுக் கட்சிப் பக்கம் போகக்கூடியது என்றால் நியூ ஹாம்ப்ஷயர், ஆனால் போகாது. எல்லாவற்றுக்கும் மேல், டிரம்ப் பெயர் சீட்டில் இருக்காது. அவருக்காக மட்டுமே வீட்டை விட்டு வெளியே வந்தவர்கள் துணை அதிபர் ஜே.டி. வான்ஸுக்கோ வேறு யாருக்கோ வருவார்களா என்பதில்தான் என் மொத்தத் தாளும் தொங்குகிறது.

இந்த மூன்று வடக்கு மாநிலங்களில் ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. 2024-ல் ஹாரிஸ் எடுத்தது 226 எலக்டோரல் ஓட்டு. பென்சில்வேனியா 19, மிச்சிகன் 15, விஸ்கான்சின் 10. கூட்டுங்கள்: சரியாக 270. ஒன்று கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. அந்த 226-க்குள் நெப்ராஸ்காவின் ஒமஹா நகரத்தைச் சுற்றிய ஒரு ஓட்டும் அடக்கம். வெள்ளை அட்டையில் நடுவே ஒரு நீல வட்டம், வேறு எழுத்தே இல்லை. அப்படி ஒரு அட்டையை அந்த ஊர்க்காரர்கள் முற்றத்தில் நட்டு வைத்திருந்தார்கள். நெப்ராஸ்கா சட்டத்தை மாற்றி எல்லாம் ஒருவருக்கே என்று செய்துவிட்டால் 269-க்கு 269. 2024 செப்டம்பரில் அதற்கு முயன்றார்கள், மைக் மெக்டானல் என்ற குடியரசுக் கட்சி மாநில செனட்டர் ஒத்துக்கொள்ளாததால் நின்றது. 2030 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு டெக்சாஸுக்கும் ஃபுளோரிடாவுக்கும் இடங்கள் கூடும், கலிஃபோர்னியாவுக்கும் நியூயார்க்குக்கும் குறையும் என்பதுதான் இப்போதைய போக்கு. 2032-ல் இந்த மூன்று மாநிலக் கணக்கு செல்லாது. அப்போது ஜனநாயகக் கட்சிக்குத் தெற்கில் ஒரு மாநிலம் கட்டாயம் வேண்டும். அதாவது நாங்கள்.

வட கரோலினா என்ற இடத்தில் தாளில் ஒரு ஓட்டையே விழுந்துவிட்டது, எழுதி அழித்து எழுதியதில். கடைசியில் "மாறும்" என்றே எழுதினேன். அண்ணனிடம் போனில் சொன்னேன். அவர் இப்போது டாலஸில்.

"இந்தத் தடவை ரெண்டு பிரியாணி, தம்பி. மட்டன்."

"ஓகே அண்ணே."

"ஏன் மாறும்னு சொல்லுங்க, கேட்போம். மறுபடியும் டவுன்ஹோமா?"

டவுன்ஹோம் கணக்கை நான் சொல்லவில்லை. மே மாதம் மிர்ட்டில் பீச் போகும்போது லம்பர்ட்டனில் வழக்கமான இடத்தில் நிறுத்தாமல், நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் ஓட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். மகனுக்கு இப்போது ஓட்டத் தெரியும், நான் ஜன்னல் பக்கம் உட்காரலாம். அதற்குள் தாளை உறையில் போட்டு ஒட்ட வேண்டாம் என்று டிராயரில் திறந்தே வைத்திருக்கிறேன்.